கரண்ட் வச்சு தோல மரத்துப்போக வைக்க முடியுமா? ஏற்காட்டு அம்மா ஒருத்தங்க கேட்டதுக்கு என் பதில்

நீங்க கேட்டது இதுதான்: வீடு நாகலூர் பக்கம், பொண்ணுக்கு ஏழு வயசு, தலசீமியாங்கிற ரத்த நோய், மூணு நாலு வாரத்துக்கு ஒரு தடவை சேலத்துக்கு இறங்கி ரத்தம் ஏத்தணும், ஒவ்வொரு தடவையும் கேனுலா, அதாவது ரத்தம் ஏத்தற ஊசிக்குழாய், போடறதுக்குள்ள பாப்பா அழுது அழுது வாந்தி எடுத்துடுது. ஊசியே இல்லாம கரண்ட் மூலமா மரத்துப்போற மருந்த தோலுக்குள்ள அனுப்பலாம்னு சொல்றாங்களே அது நிஜமா, மாமியார் முட்டிவலிக்கு கரண்ட் வைக்கிற பிசியோ கிளினிக் மிஷின்லயே அத பண்ணிக்கலாமா, அப்படி பண்ணா கரண்ட் ஹார்ட்டுக்கு போயிடாதா. நான் சேலத்துல பிசியோதெரபிஸ்ட், கரண்ட் வச்சு மருந்து ஏத்தற வேலைய குதிகால் வலி, முழங்கை வலி, உள்ளங்கை வியர்வைக்கெல்லாம் வருஷக்கணக்கா பண்ணிட்டு வர்றேன், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன், பொறுமையா படிங்க.

நிஜம்தான்மா. அயன்டோபோரெசிஸ்னு பேரு. லிக்னோகெய்ன் அப்படிங்கிற மரப்பு மருந்த பத்து நிமிஷத்துல தோலுக்குள்ள இறக்கிடும், ஊசியே வேண்டாம். ஆனா உங்க பாப்பாவுக்கு நான் இத சொல்ல மாட்டேன், உங்க நிலைமைக்கு இதவிட லேசான வழி ஒண்ணு இருக்கு, அதுக்கு நீங்க மலையில இருக்கிறதே ஒரு வசதி. அத கடைசில சொல்றேன். முதல்ல இது எப்படி வேலை செய்யுதுன்னு புரிஞ்சுக்கோங்க, அது புரிஞ்சாதான் மாமியார் போற கிளினிக் மிஷின்ல ஏன் இத பண்ணக்கூடாதுன்னு புரியும்.

நம்ம தோலோட மேல் பரப்புல செத்துப்போன செல்லுங்க அடுக்கடுக்கா இருக்கு, மொத்தமே 10ல இருந்து 20 மைக்ரான் கனம்தான், ஆனா அந்த செல்லுங்களுக்கு நடுவுல கொழுப்பு இருக்கு. ஆஸ்பத்திரில பாட்டில்ல வர்ற லிக்னோகெய்ன் ஒரு உப்பு மாதிரியான வடிவத்துல தண்ணில கரைஞ்சிருக்கும், அந்த கரைசல்ல மருந்தோட மூலக்கூறுல பெரும்பாலானது பாசிட்டிவ் சார்ஜோட இருக்கும். சார்ஜ் உள்ள பொருளுக்கு கொழுப்ப தாண்டி போறது ரொம்ப கஷ்டம். அதனாலதான் யூரின் டியூப் போடும்போது தடவற லிக்னோகெய்ன் ஜெல்லிய எடுத்து கையில தேய்ச்சா ஒண்ணும் ஆகாது. நிறைய பேர் அத வாங்கி புள்ளைங்க கையில தடவிட்டு மரக்கவே இல்லைனு வந்து சொல்றாங்க. அது வாய், மூக்கு, யூரின் போற பாதை மாதிரி ஈரத்தோலுக்கு உள்ளது, கை தோலுக்கு இல்ல.

அப்ப சார்ஜ் இருக்கிறது தடைன்னா, அந்த சார்ஜயே வச்சு தள்ளினா என்னங்கிறதுதான் இந்த முறை. செவ்வாய்ப்பேட்டை பக்கம் கொலுசு பட்டறைக்காரங்க யாரயாவது தெரிஞ்சா முலாம் பூசறத பத்தி கேட்டுப் பாருங்க, கரண்ட் விட்டா உலோகம் பாசிட்டிவ் பக்கத்துல இருந்து கிளம்பி நெகட்டிவ் பக்கம் போய் படியும், வயர தலைகீழா மாத்திக் கொடுத்தா படிஞ்சது உரிஞ்சு தொட்டிக்கே திரும்பிடும், எவ்வளவு கனமா படியும்கிறது எத்தனை ஆம்பியர் எத்தனை நிமிஷம்கிறத பொறுத்தது. தோல்ல நடக்கறதும் இதே கணக்குதான். மருந்து பாசிட்டிவ், அதனால மருந்து நனைச்ச பேட பாசிட்டிவ் வயர்ல மாட்டணும், ரெண்டாவது பேட நெகட்டிவ்ல மாட்டி அதே கையில கொஞ்சம் தள்ளி ஒட்டணும், ஒரே பக்கமா ஓடற டிசி கரண்ட விடணும். பாசிட்டிவ் பாசிட்டிவ தள்ளும், மருந்து உள்ள போகும். பெரும்பாலும் முடி வேர் துவாரம், வியர்வை துவாரம் வழியாத்தான் போகும், ஏன்னா அங்கதான் தடை கம்மி. இதுல இன்னொரு லாபம் என்னன்னா, நம்ம தோல் சாதாரண நிலையில நெகட்டிவ் சார்ஜோட இருக்கிறதால கரண்ட் ஓடும்போது பாசிட்டிவ் பக்கத்துல இருந்து நெகட்டிவ் பக்கமா தண்ணியும் மெல்ல நகரும், அது லிக்னோகெய்ன கூடவே இழுத்துட்டுப் போகும்.

டோஸ் எப்படி சொல்வோம்னா மில்லி ஆம்பியர பெருக்கல் நிமிஷம். லிக்னோகெய்னுக்கு ரொம்ப வழக்கமான அளவு 40, அதாவது 4 மில்லி ஆம்பியர் 10 நிமிஷம். கரண்ட பாதியாக்கினா நேரத்த ரெட்டிப்பாக்கணும், அவ்வளவுதான். இதுல எவ்வளவு மருந்து உடம்புக்குள்ள போகுதுன்னு கேட்டா, முழு கரண்டையும் லிக்னோகெய்னே சுமந்துட்டுப் போனாக்கூட கணக்குப்படி 6 மில்லிகிராம் கிட்டத்தான் வரும், நிஜத்துல அதுல ஒரு சின்ன பங்குதான் போகும், ஏன்னா உடம்புல இருக்கிற குளோரைடு எதிர்ப்பக்கமா ஓடி வந்து கரண்ட்ல பெரிய பங்க எடுத்துக்கும். ஊசில போடற அளவோட ஒப்பிட்டா இது ரொம்ப கம்மி. அவ்வளவு கம்மியா போயும் எப்படி மரக்குதுன்னா, போறது எல்லாமே பேடுக்கு நேர் கீழ நரம்பு முனைங்க இருக்கிற இடத்துக்கே போகுது, கூடவே கொஞ்சம் அட்ரினலின் கலந்திருந்தா அது ரத்தக்குழாய சுருக்கி மருந்த அங்கயே நிக்க வச்சுடும்.

பண்ணும்போது பாத்தா எப்படி இருக்கும்னு சொல்றேன். முதல்ல அந்த இடத்துல கீறல், கொசுக்கடி, புண் எதாவது இருக்கான்னு நல்ல வெளிச்சத்துல பாப்போம், ஒரு சின்ன கீறல் இருந்தாலும் கரண்ட் பூரா அந்த ஓட்டை வழியா பாஞ்சு அங்கயே சுட்டுடும். அப்புறம் ஸ்பிரிட் வச்சு எண்ணெய் பிசுக்க துடைச்சு, காய விட்டு, மருந்து நனைச்ச பேட ஓரம் எங்கயும் தூக்காம ஒட்டி, கரண்ட ஜீரோல இருந்து மெதுவா ஏத்துவோம். அரை மில்லி ஆம்பியர் தாண்டும்போதே சிலருக்கு குத்துற மாதிரி, எறும்பு ஊர்ற மாதிரி ஆரம்பிச்சுடும், அங்க நிறுத்தி ஒரு நிமிஷம் பழக விட்டு மறுபடி ஏத்துவோம். பேட எடுத்ததும் மருந்து வச்ச இடம் பேடோட வடிவத்துலயே வெளுத்து நிக்கும், அட்ரினலின் வேலை அது, ஓரத்த சுத்தி செவப்பா ஒரு கோடு இருக்கும். நெகட்டிவ் பேடு இருந்த இடம் முழுசா செவந்திருக்கும். பஞ்ச நூலாக்கி வெளுத்த இடத்துல இழுத்தா தெரியாது, கோட்ட தாண்டி ஒரு விரக்கடை வெளிய வச்சா டக்குனு தெரியும். எல்லை அவ்வளவு சுத்தமா இருக்கும்.

இது இன்னைக்கு நேத்து வந்த விஷயம் இல்ல. போன நூற்றாண்டோட ஆரம்பத்துலயே ஸ்டெஃபான் லெதுக்னு ஒரு பிரெஞ்சுக்காரர் ரெண்டு முயல ஒரே சர்க்யூட்ல மாட்டி, ஒண்ணோட பாசிட்டிவ் பேட்ல ஸ்ட்ரிக்னின் விஷத்தையும் இன்னொண்ணோட நெகட்டிவ் பேட்ல சயனைடயும் வச்சு கரண்ட் விட்டார், ரெண்டும் செத்துப்போச்சு. வயர மாத்தி கரண்ட திருப்பி விட்டா ரெண்டுக்கும் ஒண்ணும் ஆகல. கொடுமையான சோதனைதான், ஆனா ரெண்டு விஷயத்த அடிச்சு சொல்லிடுச்சு: எந்த மருந்து எந்த வயர்லங்கிறதுதான் எல்லாமே, அப்புறம் தோல் வழியா போற மருந்து தோலோட நிக்காது, உடம்புக்குள்ளயும் போகும். பின்னாடி 1959ல கிப்சன், குக்னு ரெண்டு அமெரிக்க டாக்டருங்க இதே முறைல பைலோகார்பின் மருந்த ஏத்தி வியர்வைய வரவச்சு சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ்ங்கிற பரம்பரை நோய கண்டுபிடிக்கிற டெஸ்ட கொண்டு வந்தாங்க, அது இன்னைக்கும் நடக்குது. லிக்னோகெய்னுக்குன்னே அமெரிக்காவுல 1995ல ஒரு கரைசலுக்கு அனுமதி கிடைச்சுது, 2004ல லிடோசைட்னு அஞ்சு வயசுக்கு மேல உள்ளவங்களுக்கு ரெடிமேட் பேட்ச் வந்துச்சு, சின்ன கன்ட்ரோலர ஒட்டினா பத்து நிமிஷத்துல தானா நின்னுடும். ஆனா அது நிலைக்கல. என் அபிப்பிராயத்துல காரணம் சாதாரணமானது, தனி மிஷின், தனி பேட்ச், அதுக்கான செலவு, கூடவே குத்துற உணர்ச்சி, இத்தனையும் எதுக்கு, ஒரு டியூப் க்ரீம் அதே வேலைய செய்யுதேன்னு ஆஸ்பத்திரிங்க நினைச்சிருக்கும். க்ரீம் தடவி காத்திருக்க முடியாத இடத்துல இந்த முறைக்கு இன்னமும் மதிப்பு இருக்கு. 2019ல குழந்தைங்க காதுக்குள்ள டியூப் வைக்கறதுக்கு, முழு மயக்கம் கொடுக்காம செவிப்பறைய மட்டும் லிக்னோகெய்னும் அட்ரினலினும் கரண்ட்ல ஏத்தி மரக்க வைக்கிற ஒரு சாதனத்துக்கு அங்க அனுமதி கொடுத்தாங்க. அது உண்மையிலயே நல்ல விஷயம்.

இப்ப உங்க ரெண்டாவது கேள்வி. மாமியார் முட்டிக்கு வைக்கிறாங்களே அந்த கரண்ட், அது ஐஎஃப்டி இல்லனா டென்ஸ்ங்கிற வலி குறைக்கிற மிஷினா இருக்கும். அதுல கரண்ட் முன்னும் பின்னும் மாறி மாறி ஓடும், அதனால மருந்து ஒரு பக்கமா நகராது, ஒரு எட்டு தள்ளினா அடுத்த நொடியே திருப்பி இழுத்துடும். அது நரம்ப தூண்டி வலி தெரியாம பண்றது, மருந்து ஏத்தறது இல்ல. ரெண்டுக்கும் கரண்ட் வைக்கிறதுன்னே சொல்றதால எல்லாரும் குழப்பிக்கிறாங்க. சில கிளினிக்ல கால்வனிக் கரண்ட் வர்ற பழைய ஸ்டிமுலேட்டர் இருக்கும், அது டிசிதான், தத்துவப்படி மருந்து ஏத்த முடியும். ஆனா அத வச்சு குழந்தை கையில லிக்னோகெய்ன் ஏத்திக் கொடுங்கன்னு தயவுசெஞ்சு யாருகிட்டயும் கேக்காதீங்க, யாராவது பண்ணித் தர்றேன்னு சொன்னாலும் வேண்டாம்னுடுங்க.

காரணம் சொல்றேன். நம்ம ஊர்ல கிடைக்கிற லிக்னோகெய்ன் பாட்டில் ஊசிக்காக பண்ணது, அதுல சாதாரண உப்பும் கலந்திருக்கும். உப்புல இருக்கிற சோடியமும் பாசிட்டிவ்தான், சைஸ்ல சின்னது, வேகமா ஓடும், அதனால கரண்ட சோடியமே சுமந்துட்டு போயிடும், லிக்னோகெய்ன் பின்னாடி நின்னுடும். பத்து நிமிஷம் பாப்பா பல்ல கடிச்சுட்டு உக்காந்திருக்கும், கடைசில மரக்காது, அப்புறம் ஊசியும் வலிக்கும், அடுத்த தடவ எதையும் நம்பாது. அதவிட பெரிய விஷயம் சூடுபடறது. டிசி கரண்ட் ஓடும்போது பாசிட்டிவ் பேடுக்கு கீழ அமிலமும் நெகட்டிவ் பேடுக்கு கீழ காரமும் உருவாகும், அந்த காரம்தான் தோல நிறைய கெடுக்கும். நல்ல பேடுல இத அடக்க வெள்ளி, வெள்ளி குளோரைடு எலக்ட்ரோடு வைப்பாங்க. மரப்பு மருந்தே ஏத்தறதால இதுல இன்னொரு ஆபத்தும் இருக்கு, மருந்து பேடுக்கு கீழ சுட்டா வலி தெரியாது, மத்த பேடுக்கு கீழ சுட்டா குழந்தைக்கு அது வழக்கமான குறுகுறுப்பா சூடான்னு பிரிச்சு சொல்லத் தெரியாது. பேட்ல ஈரம் காஞ்சு ஒரு மூலை தூக்கிட்டாலே போதும், மொத்த கரண்டும் மிச்ச இடத்துல பாயும். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு அரை மில்லி ஆம்பியருக்கு மேல போகக்கூடாதுங்கிறது இந்த வேலைல அடிப்படை கணக்கு, பேடு சுருங்கினா அந்த கணக்கு உடைஞ்சுடும். பெரிய கம்பெனிங்க கவனமா பண்ணதுலயே இது நடந்திருக்கு, ஒற்றைத் தலைவலிக்கு சுமட்ரிப்டான் மருந்த கரண்ட்ல ஏத்தற ஜெகுவிட்டிங்கிற பேட்ச் 2013ல அனுமதி வாங்கி வந்துச்சு, போட்டவங்களுக்கு தீக்காயமும் தழும்பும் வர்றதா புகார் வந்து 2016ல விற்பனைய நிறுத்திட்டாங்க.

ஹார்ட்டுக்கு போகுமான்னு கேட்டது நியாயமான பயம். ரெண்டு பேடும் ஒரே கையில இருக்கும், கரண்ட் ஒரு பேட்ல இருந்து இன்னொரு பேடுக்கு அந்த கைக்குள்ளயே போய் முடிஞ்சுடும், 4 மில்லி ஆம்பியர்ங்கிறது சின்ன அளவு, இதுக்குன்னு செஞ்ச மிஷின் பேட்டரில ஓடும். ஆனா ஒரு பேட இந்த கையிலயும் இன்னொண்ண அந்த கையிலயும் வச்சா பாதை நெஞ்சு குறுக்க போகும், அத பண்ணவே கூடாது. பேஸ்மேக்கர் வச்சவங்க, லிக்னோகெய்ன் அலர்ஜி உள்ளவங்க, ஏத்தற இடத்துல உணர்ச்சி இல்லாதவங்க, இவங்களுக்கெல்லாம் இந்த பக்கமே போகக்கூடாது.

இப்ப உங்களுக்கு நான் சொல்ல வந்த வழி. லிக்னோகெய்ன் 2.5 சதம், பிரைலோகெய்ன் 2.5 சதம் கலந்த ஒரு க்ரீம் இருக்கு, வெளிநாட்டுல எம்லானு சொல்வாங்க, நம்ம ஊர் மெடிக்கல்ல பிரைலாக்ஸ்னு கேட்டா தெரியும். இதுல மருந்து சார்ஜ் இல்லாத வடிவத்துல இருக்கு, ரெண்டு மருந்தையும் கலந்தா சாதாரண வெப்பத்துலயே எண்ணெயாகிடும், அதனால கரண்டே இல்லாம கொழுப்ப தாண்டி போகும். ஒரே குறை, மெதுவா போகும். ஒரு மணி நேரத்துல 3 மில்லிமீட்டர் ஆழம் மரக்கும், ரெண்டு மணி நேரத்துல 5 மில்லிமீட்டர். கரண்ட் முறைக்கு இருக்கிற பெரிய மதிப்பே இந்த ஒரு மணி நேரத்த பத்து நிமிஷமா குறைக்கிறதுதான், சேலம் டவுனுக்குள்ள இருந்து ஆட்டோல வந்து இறங்கறவங்களுக்கு அந்த ஒரு மணி நேரம் பெரிய விஷயம், ஆஸ்பத்திரில உக்காந்து காத்திருக்கணும். உங்களுக்கு அந்த ஒரு மணி நேரம் பஸ்லயே போயிடுதே. ஒண்டிக்கடைல பஸ் ஏறறதுக்கு முன்னாடி தடவிட்டா இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி அடிவாரம் வந்து ஆஸ்பத்திரி வாசல் போறதுக்குள்ள மரத்திருக்கும். நாகலூர்ல இருந்து கிளம்பும்போதே தடவினா இன்னும் நல்லது, பாப்பாவுக்கு வளைவுல வாந்தி வரும்னா பஸ்ல வச்சு தடவ முடியாது.

தடவற விதம் முக்கியம். தேய்க்கக்கூடாது, கனமா ஒரு ரூபா காயின் அளவுக்கு குவிச்சு வைக்கணும், மேல காத்து போகாம ஒட்டற பிளாஸ்டிக் டிரெஸ்ஸிங் போடணும், அது கிடைக்கலனா சமையல்கட்டுல சாப்பாடு மூடற மெல்லிசு பிளாஸ்டிக்க சுத்தி டேப் போடலாம். ரெண்டு இடத்துல வைங்க, ஒரு இடத்துல ஊசி போடற ரத்த நரம்பு கிடைக்கலனா இன்னொண்ணு இருக்கட்டும். எந்த இடம்னு நீங்களா முடிவு பண்ணாதீங்க, இந்த தடவ போகும்போது சிஸ்டர்கிட்ட அடுத்த தடவைக்கு எங்க போடுவீங்கன்னு கேட்டு பேனாவுல சின்ன வட்டம் போட்டு போன்ல போட்டோ எடுத்து வச்சுக்கோங்க. க்ரீம் வச்ச இடம் வெளுத்து நரம்பு கொஞ்சம் சுருங்கும், சில சிஸ்டருங்களுக்கு அதனாலயே இந்த க்ரீம் பிடிக்காது, அதுக்கு ஊசிக்கு பத்து பதினஞ்சு நிமிஷம் முன்னாடியே துடைச்சுட்டு கைய தொங்கப்போட்டு, மூடித் திறந்து மூடித் திறந்து விரல ஆட்டச் சொன்னா நரம்பு திரும்ப எழும்பும். துடைச்ச பிறகும் ஒரு மணி நேரத்துக்கு மேல மரப்பு நிக்கும், அவசரம் இல்ல. பஸ்ல தூங்கும்போது அந்த கைய வாய்ல வைக்காம, கண்ண தேய்க்காம பாத்துக்கோங்க.

ஆனா ஒண்ணு, இத டாக்டர கேக்காம ஆரம்பிக்காதீங்க, இத நான் சும்மா சம்பிரதாயத்துக்கு சொல்லல. பிரைலோகெய்ன் சில பேருக்கு ரத்தத்துல இருக்கிற ஹீமோகுளோபின ஆக்சிஜன் சுமக்க முடியாத வடிவமா மாத்திடும். ஜி6பிடிங்கிற என்சைம் ரத்தத்துல கம்மியா உள்ள குழந்தைங்க, டாப்சோன் இல்லனா சல்ஃபா மருந்து எடுக்கிறவங்களுக்கு அந்த ஆபத்து அதிகம். உங்க பாப்பா ரத்தம் ஏத்திக்க வர்ற நாள்ல ஹீமோகுளோபின் ஏற்கெனவே கம்மியா இருக்கும், அதனால கொஞ்சம் குறைஞ்சாலே தாங்காது. ஏழு வயசுல 20 கிலோவுக்கு மேல இருந்தா ரெண்டு இடத்துல வைக்கிற அளவு வரம்புக்கு ரொம்ப கீழதான், ஆனா எடை கம்மியா இருந்தா வரம்பும் கம்மி, அதனால எடையயும் ஜி6பிடி டெஸ்ட் எடுத்தாங்களாங்கிறதையும் சொல்லி கேளுங்க. உதடு, நகம் நீலமா தெரிஞ்சா, பாப்பா மூச்சு வாங்கினா, உடனே துடைச்சுட்டு நேரா எமர்ஜென்சிக்கு போங்க.

டாக்டர் க்ரீம் வேண்டாம்னு சொல்லிட்டா, அந்த சமயத்துலதான் லிக்னோகெய்ன் மட்டும் வச்சு என்ன பண்ணலாம்னு மயக்க மருந்து டாக்டர்கிட்ட கேக்கணும், இன்சுலின் ஊசி மாதிரி மெல்லிசு ஊசில துளி லிக்னோகெய்ன் போட்டுட்டு அப்புறம் கேனுலா போடறது ஒண்ணு, குளிர் ஸ்ப்ரே அடிக்கிறது ஒண்ணு. எத பண்ணாலும் பாப்பாவ படுக்க வச்சு நாலு பேர் அமுக்கிப் பிடிக்க விடாதீங்க. உங்க மடியில நெஞ்சோட நெஞ்சா சாய்ச்சு உக்கார வச்சு, கை மட்டும் சிஸ்டர் பக்கம் நீளட்டும். ஊசியே போட மாட்டாங்கன்னு மட்டும் சொல்லாதீங்க, அழுத்தறது தெரியும், இழுக்கறது தெரியும், குத்தறது தெரியாதுன்னு உள்ளத உள்ளபடி சொல்லுங்க, போடறதுக்கு முன்னாடி பஞ்சு நூல பாப்பா கையிலயே கொடுத்து மரத்த இடத்த அவளே தொட்டுப் பாக்க விடுங்க.

அடுத்த தடவ ரத்தம் ஏத்த போறதுக்கு நடுவுல ஒரு நாள் ஓபிக்கு வர்ற மாதிரி இருந்தா அன்னைக்கே இத கேட்டு சீட்டுல எழுதி வாங்கிக்கோங்க, அன்னைக்கு சாயங்காலமே வீட்டுல ஒரு துளி வச்சு ஒரு மணி நேரம் பாத்தா தோல் ஒத்துக்குதான்னும் தெரிஞ்சுடும், பஸ் நாள்ல புதுசா எதையும் பாக்க வேண்டியிருக்காது.